டாக்டரா, தோட்டக்காரனா?

பிரிக்பீல்ட்ஸில் விமலனிடம் கார் ஓட்டப் பழகிய எல்லாருக்கும் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. இன்னொன்று, ‘சந்திரவிலாஸ் பங்களா’ என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் ஜமீன்தாரின் பாலில் விஷம் கலந்தவன் தோட்டக்காரன். முதல் விஷயத்தை ஓட்டுநர் லெசென் கைக்கு வந்த மறுநாளே பலர் மறந்துவிட்டார்கள். இரண்டாவதை மறக்க விமலன் யாரையும் விட்டதில்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அந்தப் படத்தின் பாதியைத்தான் விமலன் பார்த்திருந்தார். கொலைகாரன் யார் என்று காட்டுகிற பாதி அவரிடம் இல்லை.

ஆளைப் பார்த்தால் மர்மப் படம் சேர்க்கிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு. நாள் முழுக்கக் கார் பழகுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பதால், ஜன்னல் பக்கம் இருக்கும் இடது கை மட்டும் வெயிலில் ஒரு பங்கு கூடுதலாகக் கறுத்திருக்கும். குரல் என்னவோ சாதுவான குரல்தான். ஆனால் பழகுகிறவர் வியர்த்துப்போய் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறும்போதுதான் அவருக்குக் கதை சொல்ல வரும்.

“அந்த நேரம் பாத்து வீடு முழுக்க லைட்டு போயிருச்சு. யாரோ வீல்னு கத்துறாங்க...”

பழகுகிறவர் பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பார். கார் குலுங்கி நிற்கும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான்.

“பிரேக்கு நல்லா போடுற. கிளட்சுதான் மறந்துட்ட. சரி, கதைக்கு வா,” என்பார் விமலன்.

வீட்டின் நடு அறை முழுக்கப் படங்கள். முதலில் வீடியோ கேசட்டில்தான் ஆரம்பித்தது. பக்கத்துத் தெருவில் கேசட் வாடகைக் கடை ஒன்றை மூடியபோது, வண்ணப் படங்களை எல்லாம் ஆளுக்கு ஆள் அள்ளிக்கொண்டு போனார்கள். யாரும் தொடாத கறுப்பு வெள்ளைப் படங்களை மைலோ பெட்டிகளில் அடைத்து விமலன் தூக்கி வந்தார். அப்புறம் விசிடி வந்தது, டிவிடி வந்தது. எது வந்தாலும் அவருக்கு வேண்டியது ஒரு பங்களா, ஒரு மழை, ஒரு பிணம், சந்தேகப்பட ஏழெட்டு முகம். காதல் படம் ஒன்றுகூட அந்த அலமாரியில் கிடையாது. காதலை ஒரு தடவை பார்த்தால் போதும், கொலையைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பது அவர் கட்சி.

“அங்கிள், இதெல்லாம் இப்ப போன்லயே இருக்கு லா,” என்று யாராவது சொன்னால், “போன் நாளைக்குக் காணாமப் போகும். என் அலமாரி போகாது,” என்பார். சந்திரவிலாஸ் என்னவோ போனிலும் இல்லை. தேடினால் ஒரே ஒரு பாட்டு வரும், அதிலும் கதாநாயகி மரத்தைச் சுற்றி வருவாள், கொலை பற்றி ஒரு தகவலும் தரமாட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஒரு படம் போட வேண்டும். பத்து தடவை பார்த்த படமாக இருந்தாலும் போட வேண்டும். பக்கத்தில் மனைவி தனலெட்சுமி துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பங்சாரில் ஒரு பல் கிளினிக்கில் முன் மேசையில் வேலை பார்க்கிறவள் அவள். திரையில் ஒருவன் சிரித்தால் போதும், “கீழ் வரிசையில மூணு பல்லு சொத்தை. இவன் கொலை செய்ய மாட்டான், வலியிலயே செத்துருவான்,” என்பாள். வக்கீல் வேடத்தில் ஒருவர் வந்தால், “இந்தாளு போன படத்துல போலீஸு. வேலை மாத்திக்கிட்டாரு போல,” என்பாள். கதாநாயகி இருட்டில் மாடி ஏறினால், “போடி, போ. கையில ஒரு டார்ச்சு லைட்டு எடுத்துக்கிட்டுப் போகணும்னு தெரியாது, பட்டுச் சேலை மட்டும் தெரியும்,” என்பாள்.

“தனம், கொஞ்சம் சும்மா இரேன். படம் பாக்க விடு,” என்று விமலன் சொல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது.

சந்திரவிலாஸ் வந்து சேர்ந்தது இருபது வருஷத்துக்கு முன்னால், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில். பெட்டியின் அட்டையில் ஒரு மாடிப்படி, ஒரு குடை, ஒரு கண். உள்ளே இரண்டு விசிடி. முதல் விசிடியில் ஜமீன்தார் ஆயா கொடுத்த பாலைக் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். டாக்டர் வந்தார், தோட்டக்காரன் வந்தான், துப்பறிகிறவர் வந்து எல்லாரையும் ஒரு முறை முறைத்தார். விளக்கு அணைந்தது. ஓர் அலறல். அதோடு விசிடி முடிந்தது.

விமலன் பாய்ந்து இரண்டாவதைப் போட்டார். மறுபடியும் எழுத்துப் போட ஆரம்பித்தது. மறுபடியும் அதே ஜமீன்தார், அதே பால். யாரோ அவசரத்தில் ஒரே விசிடியை இரண்டு தடவை பெட்டியில் போட்டிருக்கிறான். அடுத்த வாரம் இரண்டு பேருமாகத் திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த ஆளைக் காணோம். அவன் இருந்த இடத்தில் ஒருவன் காலுறை விற்றுக்கொண்டிருந்தான். அவனிடம் சண்டை போட்டு என்ன பிரயோசனம்?

வீட்டுக்கு வருகிற வழியிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

“டாக்டர்தான்,” என்றாள் தனலெட்சுமி. “கொட்டுற மழையில வந்த மனுஷன் குடை நனையாம வந்தாரு. அப்ப முன்னாலயே வீட்டுக்குள்ள இருந்துருக்காரு. டாக்டருங்களப் பத்தி எனக்கா தெரியாது? தினம் பாக்குறேன்.”

“நீ பாக்குறது பல் டாக்டரு. கொலைகாரன் தோட்டக்காரன்தான். காரை ரிவர்ஸ் எடுத்தான் பாத்தியா? கண்ணாடியப் பாக்கவே இல்ல. கண்ணாடி பாக்காம ரிவர்ஸ் எடுக்கிறவன் எதுக்கும் துணிஞ்சவன்.”

ஒரு வாரம் சமையல் கட்டிலும் படுக்கையிலும் இதே பேச்சு. கடைசியில் தனலெட்சுமி சாமி அறைக்குப் போய் ஒரு தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

“அணைச்சு சத்தியம் பண்ணுங்க. டாக்டர்தான் கொலைகாரன்னு தெரிஞ்சா, அந்த ரூம்ல இருக்கிற படம் அத்தனையும் வெளிய போயிரணும். ஒண்ணு மிஞ்சக் கூடாது. உங்க அலமாரிய வச்சு ஜன்னலயே மூடிட்டீங்க. எனக்கு அந்த ஜன்னல் வேணும்.”

“தோட்டக்காரன்னு தெரிஞ்சா?”

“அப்புறம் இந்தக் கறுப்பு வெள்ளப் படங்களப் பத்தி என் ஆயுசுக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

இதைவிட நல்ல பேரம் விமலனுக்குக் கிடைக்குமா? சுடச்சுட அணைத்தார். இன்னொரு சூடம் ஏற்றி அவளும் அணைத்தாள். சூடம் அணைத்த சத்தியம் லேசுப்பட்டதில்லை, இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டாவது விசிடி கிடைக்கவே இல்லை. அதனால் இருபது வருஷம் அந்த வீட்டில் டாக்டரும் கொலைகாரன், தோட்டக்காரனும் கொலைகாரன். அலமாரி இருந்த இடத்தில் இருந்தது. தனலெட்சுமியின் வாயும் அப்படியே இருந்தது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையைக் கெடுத்தது கிள்ளானில் நடந்த ஒரு புதுமனை புகுவிழா.

தனலெட்சுமியின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டு விசேஷம். வாசலில் பாதி ரோட்டை அடைத்து கெனோப்பிப் பந்தல் போட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து, விமலன் பாயசக் குவளையோடு ஒரு சிவப்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். கெனோப்பிக்காரர் ரமணி, எப்போது இந்தக் கூட்டம் எழுந்திருக்கும், எப்போது நாற்காலிகளை லோரியில் ஏற்றலாம் என்று காத்துக்கொண்டு நின்றார். பெரிய தொப்பை, பெரிய மீசை, பெரிய குரல். பொழுது போகாமல் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஏதோ படக்கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“படம்னா அதுதாண்ணே படம். எழுத்துப் போடுறது கிடையாது, சாமி கும்புடுறது கிடையாது, எடுத்த எடுப்புல ஒரே இருட்டு. ஒருத்தன் மெழுகுவத்தி ஏத்துறான். பாத்தா எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் சந்தேகமா பாக்குறாங்க. யாரு செத்தா, எதுக்கு செத்தான், ஒண்ணும் சொல்ல மாட்டான். நீயே யோசிச்சுக்கடான்னு விட்டுருவான். அந்தக் காலத்துலயே என்னா தைரியம் பாருங்க அந்த டைரக்டருக்கு! சந்திரவிலாஸ் பங்களான்னு பேரு.”

விமலனுக்குப் பாயசம் தொண்டையில் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனலெட்சுமி அதற்குள் எழுந்துவிட்டாள்.

“அண்ணே, உங்க பொட்டியில ரெண்டு டிஸ்க்கு இருந்துச்சா?”

“ஆமாக்கா. ரெண்டும் ஒண்ணுதான். நல்ல மனுஷன், ஸ்பேருக்கு ஒண்ணு வச்சுக் குடுத்துருக்கான்னு நெனச்சேன்.”

தங்களுக்கு இரண்டு முதல் பாதி போட்டவன் இவருக்கு இரண்டு இரண்டாம் பாதி போட்டிருக்கிறான் என்று தனலெட்சுமிக்கு விளங்கிவிட்டது. அவள் கண்கள் பளபளத்தன.

“கொலைகாரன் யாருண்ணே?”

ரமணி வாயைத் திறந்தார்.

“சொல்லாதீங்க!” என்று கத்தினார் விமலன். பாயசம் வேட்டியில் கொட்டியது. “யாருன்னு சொல்லாதீங்க!”

கெனோப்பிக்குள் பேச்சு நின்றது. கை கழுவிக்கொண்டிருந்த ஓர் ஆன்டி, “ஐயோ, யாரைக் கொன்னுட்டாங்க?” என்றாள். ஒரு பெரியவர் போலீஸுக்குப் போன் போட செல்போனை எடுத்தார். வீட்டுக்கார அம்மா, புது வீட்டில் முதல் நாளே இப்படியா என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அது படம், அதுவும் கறுப்பு வெள்ளை என்று எல்லாருக்கும் விளக்கி முடிப்பதற்குள் தனலெட்சுமி ரமணியிடம் வீட்டு விலாசத்தையும் வாங்கி, வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று நேரமும் குறித்துவிட்டாள்.

“முழுசா பாக்காம தீர்ப்புச் சொல்லக் கூடாது, அதான் கத்துனேன்,” என்றார் விமலன், வேட்டியைத் துடைத்துக்கொண்டு. அது பொய். அவருக்குப் பயம் வந்துவிட்டது. பழகுகிறவர்களிடம் இருபது வருஷமாக அடித்துச் சொன்ன தோட்டக்காரன் மேல் முதல் தடவையாக அவருக்கே சந்தேகம் வந்தது. அந்தக் குடை ஏன் நனையவில்லை?

அந்த வாரம் அவரிடம் பழகியவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கோணல் மாணலாகப் பார்க்கிங் போட்டாலும் “பரவால்ல” என்றார். கதையே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் நடு அறைக்குப் போய்க் கேசட்டுகளைத் தடவிப் பார்ப்பார், கார் டிக்கியில் எவ்வளவு அடங்கும் என்று யோசிப்பார். யாருக்குக் கொடுப்பது? கேசட் போட மெஷின் வைத்திருக்கிறவன் இந்த ஊரில் யார்? தனலெட்சுமியோ ஜன்னலுக்குத் திரைத்துணி பார்த்துக்கொண்டிருந்தாள். பூப்போட்டது நல்லா இருக்குமா, கோடு போட்டது நல்லா இருக்குமா என்று அவரிடமே கேட்டாள். அப்படியும் ஒரு கல் நெஞ்சு.

ஞாயிற்றுக்கிழமை ரமணி வீட்டில் நாற்காலிக்கா பஞ்சம்? டிவிக்கு முன்னால் மூன்று நாற்காலிகளுக்குக் கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளை சாட்டின் உறை மாட்டி, முதுகில் ரோஸ் நிற ரிப்பன் கட்டியிருந்தார். மூவரும் மணவறையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்கள். முதலில் விமலனின் விசிடி.

எழுத்துப் போட்டதுமே ரமணி முகம் சுருங்கியது. “எழுத்தெல்லாம் போடுறான்?” என்றார். அடுத்த காட்சியில் ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்தார். ரமணி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“ஐயோ! இவரு உயிரோட இருக்காரு!”

“அவருதாண்ணே சாகப் போறவரு,” என்றாள் தனலெட்சுமி.

“என் டிஸ்க்குல இவரு சுவத்துல மாலையோட தொங்குற போட்டோக்கா! நான் படம் எடுத்த மொதலாளியோட அப்பான்னு நெனச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் பாப்பேன்!”

ஜமீன்தார் பாலை வாய்க்குக் கொண்டுபோனபோது ரமணி கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் கும்பிட்ட மனுஷன் இல்லையா, பார்க்க மனசு வருமா. விளக்கு அணைந்து, அலறல் கேட்டு, முதல் பாதி முடிந்தது. ரமணி தன்னுடைய விசிடியைப் போட்டார்.

இருட்டு. மெழுகுவத்தி. முகங்கள். துப்பறிகிறவர் எல்லாரையும் சுற்றி வந்தார். டாக்டர் முன்னால் நின்றார். தனலெட்சுமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். விமலன் மனசுக்குள் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். டாக்டர் தலையைக் குனிந்து, தன் நனைந்த குடையை வாசலிலேயே கூர்க்கா வாங்கி வைத்துக்கொண்டு உலர்ந்த வேறு குடை கொடுத்ததைச் சொன்னார். துப்பறிகிறவர் சரேலென்று திரும்பினார். தோட்டக்காரன் ஒட்டுத் தாடியைப் பிய்த்து எறிந்து, ஹா ஹா ஹா என்று சிரித்தான். பர்மாவில் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஜமீன்தாரின் தம்பி அவன்.

விமலன் போட்ட சத்தத்தில் சாட்டின் நாற்காலி பின்னால் சாய்ந்தது. “கண்ணாடி பாக்கல! நான் சொல்லல? ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடி பாக்கல!” ரமணியைக் கட்டிப்பிடித்தார். மறுபடியும் கட்டிப்பிடித்தார். தனலெட்சுமி எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, “போலாமாங்க? இட்லிக்கு மாவாட்டணும்,” என்றாள்.

விசிடியை ஆளுக்கொன்று மாற்றிக்கொண்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் வந்து சேருகிற வரைக்கும் விமலன் படத்தைப் பற்றியே பேசினார். தனலெட்சுமி மாவைப் பற்றிப் பேசினாள்.

அந்த வாரம் விமலனைப் பிடிக்க முடியவில்லை. பழகுகிறவர்கள், பழகி முடித்தவர்கள், டெஸ்ட் எடுக்கிற இடத்தில் வரிசையில் நின்றவர்கள், ஒருவர் விடாமல் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு நல்ல படமாக எடுத்துப் போட்டார். தனலெட்சுமி எப்போதும்போலப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தாள். வில்லன் சிரித்தான். கீழ் வரிசையில் பல் எல்லாம் தெரிந்தது. விமலன் காத்திருந்தார். தனலெட்சுமி ஒரு தலையணை உறையை மடித்து வைத்தாள். கதாநாயகி இருட்டில் மாடி ஏறினாள். அதற்கும் ஒன்றும் இல்லை.

நிம்மதியாகப் படம் பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அந்த நிம்மதி முதல் பாதியோடு தீர்ந்துவிட்டது. கொலைகாரன் யாரென்று அவருக்குத் தெரியும், எப்படிப் பிடிபடுவான் என்று தெரியும், எந்த இடத்தில் இடி இடிக்கும் என்றுகூடத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று, அடுத்து தனம் என்ன சொல்லப் போகிறாள் என்பதுதான். இத்தனை வருஷமும் அதற்காகத்தான் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

அடுத்த வெள்ளி, கொலையானவரையே காட்டி, “இவருதான் கொலைகாரன்னு நெனக்கிறேன்,” என்றார். வழக்கமாக இதற்கு ஒரு மணி நேரம் வாங்கிக்கட்டிக்கொள்ளலாம். தனலெட்சுமி, “கரண்டு பில்லு இந்த மாசம் கூடிருச்சுங்க,” என்றாள்.

“தனம், ஏதாவது சொல்லேன்.”

“சொல்றேனே. கரண்டு பில்லு.”

“படத்தப் பத்தி.”

“சூடம் அணைச்சிருக்கேன்ங்க.” கோபம் இல்லை, முறைப்பு இல்லை. அதுதான் விமலனை வதைத்தது. கோபித்துக்கொண்டால் சமாதானம் பண்ணலாம். சத்தியத்தைக் காப்பாற்றுகிறவளை என்ன செய்வது?

மறுநாள் தனியாளாய் அலமாரியை மூச்சு வாங்க நகர்த்தி, அவள் கேட்ட ஜன்னலைத் திறந்துவிட்டார். பந்தயத்தில் ஜெயித்தவர் தோற்றவளுக்குக் கொடுத்த லஞ்சம். தனலெட்சுமி ஜன்னலோரம் நின்று, “காத்து நல்லா வருதுங்க,” என்றாள். பூப்போட்ட திரைத்துணி மாட்டினாள். வெள்ளிக்கிழமை மறுபடியும் வாய் திறக்கவில்லை.

விமலனுக்குச் சோறு இறங்கவில்லை. டெஸ்டுக்கு ஆள் கூட்டிப் போகும்போதே கண் கலங்கியது. பழகுகிற பெண் தன்னால்தான் என்று நினைத்து, “சார், நான் நல்லா ஓட்டிருவேன் சார், அழாதீங்க,” என்றாள். கடைசியில் ரமணிக்குப் போன் போட்டார்.

“அண்ணே, நானே உங்களக் கூப்புடணும்னு இருந்தேன்,” என்றார் ரமணி சோகமாக. “மொத பாதிய ஏன்டா பாத்தோம்னு இருக்கு. இப்ப யாரு செத்தா, ஏன் செத்தான், எல்லாம் தெரிஞ்சுபோச்சு. படத்துல ஒரு மண்ணும் இல்ல.”

“அத விடுங்க பாஸ். ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வாங்க. மறு விசாரணை.”

“யாருக்கு?”

“டாக்டருக்கு.”

ரமணி வந்தார். பிறத்தியார் வீட்டு நாற்காலியில் நம்பிக்கை இல்லாதவர், சாட்டின் உறை போட்ட நாற்காலியைக் கையோடு கொண்டு வந்தார். தனலெட்சுமி ஆளுக்கொரு கிளாஸ் தே தாரிக் வைத்துவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டு கீழே உட்கார்ந்தாள். விமலன் ரிமோட்டோடு டிவிக்கு முன்னால் நின்றார்.

“நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். கொலைகாரன் டாக்டர்தான். என் பொண்டாட்டி சொன்னதுதான் சரி.”

“தாடியப் பிச்சுக்கிட்டு அவனே ஒத்துக்கிட்டானேண்ணே!”

“ஒத்துக்க வச்சதே டாக்டரு. மருந்து குடுத்து வசியம் பண்ணிட்டாரு. சும்மாவா ஹா ஹா ஹான்னு சிரிச்சான்? அது மருந்து வேலை.”

கீரை ஆய்கிற கை ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. விமலன் ஓரக்கண்ணால் பார்த்தார்.

“ரெண்டாவது, தெர்மாமீட்டரு. அதுலதான் விஷம். அத வாயில வச்சதும் ஜமீன்தார் செத்தாரு.”

தனலெட்சுமி உதட்டைக் கடித்தாள்.

“மூணாவது, நாடி பிடிச்சப்ப டாக்டர் கை நடுங்குச்சு. குத்தமுள்ள நெஞ்சு. அந்த ஆளு முழியப் பாத்தாலே தெரியல, எத்தன பேரக் கொன்னுருப்பான்னு? நாலாவது, பாலக் கலக்கிக் கையில குடுத்ததே டாக்டர்தான்...”

“பால் குடுத்தது ஆயா!”

கீரைத் தட்டு உருண்டது. தனலெட்சுமி எழுந்து நின்றாள்.

“கண்ணு எங்க வச்சிருந்தீங்க? ஆயா குடுத்தா, தோட்டக்காரன் கதவுகிட்ட நின்னான்! தெர்மாமீட்டர் வச்சதே அவரு செத்ததுக்கு அப்புறம்! அதுவும் தப்பா கக்கத்துல வைக்காம வாயில வச்சாரு, அது வேற கத! கை நடுங்குனா கொலைகாரனா? வயசானா நடுங்கும்! இருபது வருஷமா அந்த மனுஷன நான் அநியாயமா பேசிட்டேன். குடை நனையலன்னு ஒரு குத்தத்த வச்சு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இந்த அண்ணன் வீட்டுல படம் பாத்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, தெரியுமா? இனிமே அவர ஒரு வார்த்த சொன்னீங்க, பாத்துக்குங்க!”

ரமணி டீயைக் கீழே வைத்தார். “அக்கா,” என்றார் தயங்கித் தயங்கி. “அந்தச் சூடம்...”

தனலெட்சுமி வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்தாள்.

“நாளைக்குக் கோயில்ல ஒரு தேங்கா உடைச்சிக்கிறேன். சாமிக்குத் தெரியும், இந்த மனுஷன வச்சுக்கிட்டு எவளும் வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதுன்னு. நீங்க போடுங்க படத்த, மொதல்லேருந்து. ஆயா பால் குடுக்குறத நான் காட்டுறேன்.”

படம் ஓடியது. ஜமீன்தார் இறங்கி வந்ததும், “பாவம், மேல் பல்லு கட்டுனது போல,” என்றாள். கார் வந்ததும், “கண்ணாடி பாக்கல பாருங்க, இவன்தான்,” என்றாள். டாக்டர் வந்ததும், “வாங்க டாக்டர்,” என்றாள். ஒரு காட்சி விடவில்லை. விமலனுக்குத் திரை கலங்கலாகத் தெரிந்தது. கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ரமணி பார்க்காதபோது சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“இப்ப ஒத்துக்கிறீங்களா?” என்று தனலெட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். “இன்னொரு தடவ டாக்டர்னு சொன்னீங்க, இன்னைக்குச் சோறு கிடையாது.”

“டாக்டர்தான்,” என்றார் விமலன்.